போல்ட் ஏன் திறந்து நிற்கவில்லை? ஏஆர்-15 துவக்கு ஒன்றின் காஸ் ஓட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

சுடும்போது வரும் காஸைக் கொண்டே கோதைத் தள்ளி அடுத்த ரவையை ஏற்றும் ஏஆர்-15 வகைத் துவக்கு அது. இருப்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில். சொந்தக்காரர் என் அக்காவின் மகன். நான் இருப்பது மட்டக்களப்பில். டீசல் பம்ப், நொசில், சின்னச் சின்ன லேத் வேலை, இதுதான் என் தொழில். துவக்கைக் கையில் தொடாமல், வீடியோ அழைப்பிலும் அவர் அனுப்பிய படங்களிலும் பார்த்தே, போல்ட் திறந்து நிற்காத இந்தக் கோளாறைப் பிடித்தோம். அமுக்கத்தில் வேலை செய்கிற எந்தச் சாமானுக்கும் கோளாறு தேடும் ஒழுங்கு ஒன்று உண்டு. அந்த ஒழுங்கு தவறினால் நல்ல சாமானும் பழுதாகிவிடும். அதைச் சொல்லத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம், இப்படிப்பட்ட துவக்கை ஒரு பொதுமகன் வீட்டில் கோர்த்து எடுப்பது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. டெக்சாஸில் நிலைமை வேறு. இலக்கம் பொறித்த கீழ்ப்பாகத்தை உரிமம் பெற்ற கடையில், பின்னணிச் சோதனை முடித்து வாங்கி, மற்றப் பாகங்களைத் தனித்தனியாக எடுத்து வீட்டில் பொருத்துவது அங்கே சட்டப்படி செய்யக்கூடிய பொழுதுபோக்கு. மருமகன் செய்தது அதுதான்.

துவக்கும் முறைப்பாடும்

16 அங்குலக் குழல். நடுத்தர நீளக் காஸ் அமைப்பு, அதாவது ரவை அறையின் பக்கமிருந்து ஏறக்குறைய 9.8 அங்குலத்தில் குழலில் காஸ் துளை. துளையின் விட்டம் 1.93 மி.மீ., அவர்கள் கணக்கில் 0.076 அங்குலம். அதற்கு மேல் திருகாணியால் கூட்டிக் குறைக்கக்கூடிய காஸ் பிளொக். பின்னால், தோளில் அண்டும் தண்டுக்குள், போல்ட் பின்னுக்கு வரும் வேகத்தைத் தாங்கும் பஃபர் என்ற பாரம். இதில் இருப்பது எச்-2 என்று சொல்லும் பாரமான பஃபர், ஏறக்குறைய 130 கிராம். பாகங்கள் எல்லாம் தரமானவை. மருமகன் எதிலும் மலிவு பார்ப்பவர் அல்ல.

கோளாறு இப்படி. பயிற்சிக்கு வாங்கும் சாதாரண .223 ரவை போட்டால், கடைசி ரவை முடிந்ததும் பின்னால் திறந்து நிற்க வேண்டிய போல்ட், அதாவது ரவை அறையைப் பின்னாலிருந்து மூடிப் பூட்டும் பாகம், மூடிக்கொள்கிறது. சில நேரம் அடுத்த ரவையை எடுக்காமல் வெறும் அறையில் போய்ப் பூட்டுகிறது. அதே பருமனில் பலம் கூடிய, இராணுவத் தரத்திலான 5.56 போட்டால் பெரும்பாலும் ஓடுகிறது, ஆனால் நம்பி இருக்க முடியாது. காஸ் திருகாணியை முழுக்கத் திறந்தும் பார்த்துவிட்டார். எச்-2 பஃபரைக் கழற்றி 85 கிராம் சாதாரண பஃபரைப் போட்டதில் கொஞ்சம் முன்னேற்றம், முழுச் சுகம் இல்லை.

துப்பாக்கிப் பயிற்சித் திடலில் இருந்த நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, காஸ் போதவில்லை, துளையை 0.086 அங்குலத்துக்குப் பெரிதாகக் குடை என்றது. மற்றக் கட்சி, காஸ் கூடிப்போய் போல்ட் பறக்கிறது, இன்னும் பாரமான பஃபர் போடு என்றது.

“மாமா, துளையைப் பெரிசாக்கச் சொல்றாங்க. எனக்கிட்ட ட்ரில் பிட்டும் இருக்கு. மறுகா என்ன செய்யிற?”

“பொறு மருமகன். பிட்டை எடுத்துப் பெட்டிக்குள்ள வை. முதல்ல காஸ் எங்கெங்க போகுதெண்டு பாப்பம்.”

துளையைக் குடைவதற்கு நான் ஏன் அவ்வளவு தயங்கினேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். 0.076 இலிருந்து 0.086 என்பது பார்வைக்கு ஆயிரத்தில் பத்துத்தான். பரப்பில் அது 28 வீதம். குடைந்த துளையை யாரும் திரும்பச் சுருக்க முடியாது. திருகாணியைத் திருப்பலாம், பஃபரை மாற்றலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம். உலோகத்தை எடுத்தால் எடுத்ததுதான்.

காஸ் போகும் வழி

இந்த வகைத் துவக்கின் மூலம் யூஜின் ஸ்டோனரின் வடிவமைப்பு. 1956 இல் விண்ணப்பித்து 1960 இல் அவருக்கு இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ரவை குழலில் ஓடி காஸ் துளையைத் தாண்டியதும், பின்னால் வரும் சூடான காஸின் ஒரு சிறு பங்கு துளை வழியே பிளொக்குக்குள் ஏறும். அங்கிருந்து ஒரு மெல்லிய எஃகுக் குழாய் வழியே பின்னால் வந்து, போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் போல்ட் கரியரின் மேலிருக்கும் கீ என்ற மூக்குக்குள் நுழையும். பிறகு கரியருக்குள், போல்ட்டின் பின்பக்கம் விரியும். போல்ட்டே பிஸ்டன், கரியரே சிலிண்டர். போல்ட்டின் வாலில் மூன்று ரிங்குகள் இருப்பது அதனால்தான். கரியர் பின்னுக்குப் போகும்போது போல்ட் திரும்பிப் பூட்டு விடும். மிச்சக் காஸ் கரியரின் வலப்பக்கத்தில் உள்ள இரண்டு துளைகளால் வெளியேறும்.

ரவை காஸ் துளையைத் தாண்டிய நேரத்துக்கும் குழலின் வாயைத் தாண்டும் நேரத்துக்கும் இடையில்தான் இந்த அமைப்புக்கு அமுக்கம் கிடைக்கிறது. 16 அங்குலக் குழலில் நடுத்தர நீளம் என்றால் மிச்சம் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல். காபைன் நீளம் என்ற குட்டை அமைப்பு என்றால் துளை 7.8 அங்குலத்தில் இருக்கும், மிச்சம் எட்டு அங்குலம். அறைக்குக் கிட்டப் போகப் போக அமுக்கமும் கூடும், அது நிற்கும் நேரமும் கூடும். அதனால்தான் ஒரே விட்டத் துளை இரண்டு நீளங்களுக்கும் பொருந்தாது. இதன் இராணுவ வடிவங்களில், 20 அங்குலக் குழல் உள்ள எம்-16ஏ2 இல் துளை 0.093 அங்குலம், 14.5 அங்குல எம்-4 இல் 0.062 அங்குலத்தை ஒட்டி. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, அயலவன் துவக்கின் துளை அளவைக் கேட்டுத் தன் துவக்கின் துளையைக் குடைபவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

ஒரே அறிகுறி, எதிரெதிர்க் காரணம்

நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்ததில் பிழை சொல்ல முடியாது. இந்த அமைப்பில் காஸ் குறைந்தாலும் கூடினாலும் சில அறிகுறிகள் ஒரே மாதிரித்தான் தெரியும். இந்த நிகழ்வில் நான் கூடுதல் நேரம் செலவழித்த இடம் இது.

காஸ் குறைந்தால் கரியர் முழுத் தூரம் பின்னால் போகாது. போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் கொளுக்கியைத் தாண்டாமலே முன்னால் திரும்பிவிடும், எனவே திறந்து நிற்காது. இன்னும் குறைந்தால் அடுத்த ரவையின் பின்விளிம்பையும் எட்டாது, வெறும் அறையில் பூட்டிக்கொள்ளும்.

காஸ் கூடினாலோ கரியர் முழுத் தூரமும் போகும். ஆனால் வேகத்தில் போய் வேகத்தில் திரும்பும். மகசீன் ஸ்பிரிங் அடுத்த ரவையை மேலே தள்ளி முடிப்பதற்குள் போல்ட் அதன் மேலால் ஓடிவிடும். கடைசி ரவையிலும் கொளுக்கி எழும்புவதற்குள் போல்ட் தாண்டிவிடும். வெளியில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்று: போல்ட் மூடிக்கிடக்கிறது, அறை வெறுமை.

பிரித்து அறிவதற்குச் சுட்ட ரவையின் வெற்றுக்கோது உதவும். காஸ் கூடினால், அமுக்கம் இறங்கும் முன்பே பூட்டு விடுவதால் கோது இன்னும் அறைச் சுவரை இறுக்கிப் பிடித்திருக்கும். எக்ஸ்ட்ராக்டரின் நகம் அதைப் பலவந்தமாக இழுக்கும்போது விளிம்பில் கீறலோ வளைவோ விழும். சுடும் திசையைக் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி என்று வைத்தால், கோது முன்பக்கமாக ஒரு மணி, இரண்டு மணித் திசையில் பாயும். காஸ் குறைந்தால் விளிம்பு சுத்தமாக இருக்கும், கோது நாலரை, ஐந்து மணித் திசையில் காலடிக்குப் பக்கத்திலேயே விழும்.

கோது விழும் திசையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றும் சொல்லவேண்டும். கோதை வெளியே தள்ளும் எஜெக்டர் ஸ்பிரிங்கின் பலம், எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கம், கோது தட்டித் தெறிக்கும் மேட்டின் வடிவம் எல்லாம் திசையை மாற்றும். பஃபர் சோதனை அதைவிட நம்பகமானது. பாரமான பஃபர் போட்டுக் கோளாறு குறைந்தால் காஸ் கூட, பாரம் குறைத்துக் கோளாறு குறைந்தால் காஸ் குறைவு. மருமகன் தெரியாமலே அந்தச் சோதனையைச் செய்துவிட்டிருந்தார். எச்-2 ஐக் கழற்றியதும் முன்னேற்றம் வந்ததல்லவா?

அதற்கு மேல் நான் ஒரு வீடியோ கேட்டேன். இப்போதைய கைத்தொலைபேசிகள் நொடிக்கு 240 படம் எடுக்கும். போல்ட் போய்த் திரும்ப ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, ஆனாலும் பதினைந்து, இருபது படம் கிடைக்கும். தாராளம். டெக்சாஸில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி, இங்கே இரவு ஏழரை. பட்டறையைப் பூட்டிவிட்டு மேசையில் இருந்து ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். கோது வெளியே போன பிறகும் போல்ட்டின் முகம் மகசீனின் பின்விளிம்பைத் தாண்டவே இல்லை. அரைவழியில் நின்று திரும்புகிறது. காஸ் குறைவுதான், சந்தேகமில்லை.

அப்படியானால் துளையைக் குடையச் சொன்ன கட்சி வென்றதா? இல்லை. 16 அங்குலக் குழலில், நடுத்தர நீளத்துக்கு 0.076 என்பது சின்னத் துளை அல்ல. வழக்கமாக வரும் அளவு அது. துளை போதுமானதாக இருந்தும் கரியருக்குக் காஸ் போய்ச் சேரவில்லை என்றால், நடுவழியில் எங்கோ அது தொலைகிறது.

எங்கள் பட்டறையில் இது அன்றாடக் கதை. வவுணதீவுப் பக்கமிருந்து பெரும்போக நேரம் வரும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரர் இழுவை இல்லை, பம்பைக் கூட்டிவிடு என்பார். கழற்றிப் பார்த்தால் டீசல் பைப்பின் மூட்டில் காற்று இழுக்கும். பம்பைக் கூட்டினால் கறுப்புப் புகைதான் வரும்.

கசிவைத் தேடுதல்

துவக்கில் ரவை இல்லை, மகசீன் இல்லை, அறை வெறுமை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே கழற்ற வேண்டும். மருமகன் ஒவ்வொரு தடவையும் அதைக் கமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் தொடங்கினார். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

முதலில் மகசீன். வெறும் மகசீனைப் போட்டுக் கையால் போல்ட்டை இழுத்தால் திறந்து நிற்கிறதா? நின்றது. ஆகவே கொளுக்கியும் மகசீனும் சரி. அடுத்தது ரிங்குகள். போல்ட்டை முன்னால் இழுத்து, கரியரைப் போல்ட்டின் முகத்தின்மேல் நிமிர்த்தி வைத்தால் தன் பாரத்தால் கீழே சரியக்கூடாது. சரியவில்லை. ரிங்குகளின் வெட்டு வாய்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பவர்கள் உண்டு, நான் அதற்கு அவ்வளவு முக்கியம் கொடுப்பதில்லை. பிறகு கரியர் கீ. அதன் இரண்டு திருகாணிகளும் அசையாதபடி உலோகத்தால் குத்தி இறுக்கப்பட்டிருந்தன. கீயின் அடியில் புகைக்கோடு இல்லை. காஸ் குழாயின் வாய் கீக்குள் தடங்கலின்றி நுழைந்தது.

மிச்சம் காஸ் பிளொக். மருமகனிடம் தொலைபேசியில் செருகும் மலிவான உட்குழல் கமரா ஒன்று இருந்தது. அதைக் குழலுக்குள் விட்டுக் காஸ் துளைக்கு நேரே நிறுத்தச் சொன்னேன். நேராகப் பொருத்திய பிளொக் என்றால் துளைக்குள் முழு வட்டக் கறுப்புத் தெரியவேண்டும். இதில் கறுப்பு முழு வட்டமாக இல்லை. ஒரு பக்கத்தில் பிறை வடிவில் மினுமினுவென்று உலோகம் தெரிந்தது. பிளொக்கின் சுவர் துளையின் ஒரு ஓரத்தை மூடிக்கொண்டு நின்றது.

பிளொக்கைக் கழற்றியதும் குழலின் மேல் இன்னும் தெளிவான சாட்சி கிடைத்தது. பிளொக்கின் உள்துளை இருந்த இடத்தில் கரி படிந்து, முத்திரை குத்தியதுபோல் ஒரு வட்டம். அதன் நடுவும் குழல் துளையின் நடுவும் ஒன்றல்ல. அளவுகோலால் அளந்தபோது நீளவாக்கில் 0.7 மி.மீ. பின்னால், சுற்றுவாக்கில் 0.8 மி.மீ. பக்கவாட்டில் விலகல்.

இந்த 0.7 எங்கிருந்து வந்தது? பழைய முறைப்படி காஸ் பிளொக்குக்கும் குழல் தடிக்கும் இடத்தில் உள்ள படிக்கும் இடையில் கைப்பிடியைத் தாங்கும் ஒரு மெல்லிய தகட்டு மூடி வரும். பல குழல்களில் துளை இன்னும் அந்தத் தகட்டுக்கு இடம் விட்டே இடப்படுகிறது. இப்போதைய தனித்து நிற்கும் கைப்பிடிகளில் அந்தத் தகடு இல்லை. பொருத்துபவர் பிளொக்கைப் படியோடு முட்டத் தள்ளுவார், முட்டத் தள்ளுவதுதான் சரி என்று யாருக்கும் தோன்றும். தள்ளியதும் பிளொக் அந்தத் தகட்டின் கனம் அளவுக்குப் பின்னால் போய்விடும். சுற்றுவாக்கு விலகலுக்குக் காரணம் வேறு. 19.05 மி.மீ. விட்டக் குழலில் 0.8 மி.மீ. என்பது ஐந்து பாகை கூட இல்லை. கண்ணால் மட்டும் பார்த்து நேராக்கினால் அது தெரியாது.

விலகல் இரண்டையும் சேர்த்தால் நடுவுக்கு நடு 1.06 மி.மீ. பிளொக்கின் உள்துளை 3 மி.மீ., குழலின் துளை 1.93 மி.மீ. இரண்டு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பரப்பைக் கணக்கிட்டால், குழல் துளையில் ஏறக்குறைய 30 வீதம் மூடப்பட்டிருக்கிறது. மிச்சப் பரப்புக்குச் சமமான துளை என்றால் 1.6 மி.மீ. சொச்சம், அதாவது 0.064 அங்குலத்தை ஒட்டிய துளை. 16 அங்குலக் குழலில் நடுத்தர நீளத்துக்கு, 130 கிராம் பஃபரோடு, மெலிந்த .223 ரவைக்கு அது போதவே போதாது. கோளாறு முழுவதும் இந்த ஒரு கணக்கில் விளங்கிவிட்டது.

நண்பர்கள் சொன்னபடி துளையைக் குடைந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மூடிய பிளொக்கோடு துவக்கு ஓடத் தொடங்கியிருக்கும். எல்லாரும் மகிழ்ந்திருப்பார்கள். பிறகு ஒருநாள் பிளொக்கைக் கழற்றிச் சரியாகப் பூட்டியதும், 28 வீதம் கூடிய துளை முழுதாகத் திறந்து, போல்ட் பின்சுவரில் மோதத் தொடங்கியிருக்கும்.

பிளொக்கைப் பூட்டியது

குழல் துளையின் நடுவால் நீளவாக்கில் ஒரு பென்சில் கோடு, பிளொக்கின் நடுவிலும் ஒரு கோடு. படிக்கும் பிளொக்குக்கும் இடையில் 0.7 மி.மீ. கனத்தகடு வைத்து, கோடுகளை நேராக்கி, அடித் திருகாணிகளை மெல்ல மாறி மாறி இறுக்கினார். மறுபடி உட்குழல் கமரா. இம்முறை முழுக் கறுப்பு வட்டம். அதன் பிறகுதான் திருகாணிகளுக்கு வெப்பம் தாங்கும் பீங்கான் வகைப் பசை. சாதாரணத் திருகாணிப் பசை காஸ் பிளொக்கின் சூட்டில் இளகிவிடும், அதை நம்பக்கூடாது.

அடுத்த சனிக்கிழமை காஸ் திருகாணி முழுக்கத் திறந்தபடி, சாதாரண பஃபரோடு சுட்டார். கோதுகள் இரண்டு மணித் திசையில் தூரத்தில் போய் விழுந்தன. உதைப்பு கடுமை. 5.56 கோதுகளின் விளிம்பில் நகத்தின் கீறல். காஸ் இப்போது கூடிவிட்டது. எனக்குச் சந்தோசம், ஏனென்றால் கூடினதைத் திருகாணியால் குறைக்கலாம்.

இனித்தான் சீர்செய்தல்

முதலில் எச்-2 பஃபரைத் திரும்பப் போடச் சொன்னேன். பஃபரையும் ஸ்பிரிங்கையும் தீர்மானித்துவிட்டுத்தான் காஸுக்கு வரவேண்டும். காஸை முதலில் சரிபார்த்துவிட்டு பஃபரை மாற்றினால் வேலை முழுவதும் வீண்.

அப்புறம் ரவை. பாவிக்கப் போகும் ரவைகளில் எது மெலிந்ததோ அதை வைத்துத்தான் திருகாணியைச் சரிபார்க்க வேண்டும். பலமான ரவைக்குச் சரிபார்த்தால் மெலிந்தது ஓடாது.

ரவை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு எம்-16 இன் கதையைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. ஸ்டோனர் இதை ஐஎம்ஆர் 4475 என்ற வெடிமருந்தை வைத்து வடிவமைத்தார். 1964 இல் அமெரிக்க இராணுவம் டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்துக்கு மாறியது. காஸ் துளையில் அமுக்கம் கூடியது, சுடும் வேகம் கூடியது, கரியும் கூடியது. வியட்நாமில் சுடும்போதே துவக்குகள் இறுகி நின்றன. 1967 இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஐகார்ட் துணைக்குழு இதை விசாரித்து, மருந்து மாற்றத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. அந்தத் துவக்கை நம்பிப் போன இளைஞர்கள் உயிரை விட்டார்கள். காஸ் அமைப்பை ஒரு விளையாட்டுத் திருகாணியாக நினைப்பவர்கள் அந்த விசாரணையைப் பற்றி ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

சோதனை முறை எளிமையானது. திருகாணியை முழுக்க மூடு. மகசீனில் ஒரேயொரு ரவை. சுடு. போல்ட் திறந்து நிற்காது, கையால் இழுக்கவேண்டி வரும். ஒரு கிளிக் திற, மறுபடி ஒரு ரவை. திறந்து நிற்கும் இடம் வந்ததும் அங்கேயே நின்று பல தடவை, வேறு வேறு மகசீன்களோடு பார். ஒருதடவை நின்றது போதாது. சத்தம் வழமையைவிட மெல்லியதாகக் கேட்டால், அல்லது உதைப்பு வராவிட்டால், அடுத்ததைச் சுடாமல் உடனே நிறுத்திக் குழலுக்குள் ரவை சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மருமகனின் துவக்கு ஏழாவது கிளிக்கில் தொடர்ந்து நின்றது. அதற்கு மேல் இரண்டு கிளிக் கூட்டி வைத்தோம். கரி படியும், எண்ணெய் காயும், குளிர் காலத்தில் மருந்து மெதுவாக எரியும், எல்லாவற்றுக்கும் கையிருப்பு வேண்டும். போட்டிக்காரர்கள் உதைப்பைக் குறைக்க இந்தக் கையிருப்பையும் வெட்டுவார்கள். அது அவர்கள் தேர்வு. நான் அதற்கு உடன்படவில்லை.

நம் ஊர்ப் பெரியவர்கள் எஸ்.எல்.ஆர். என்று சொல்வது பெல்ஜியத்தின் எஃப்ஏஎல் துவக்கின் பிரித்தானிய வடிவம். அதில் காஸ் சீராக்கி பிறப்பிலேயே உண்டு. மூல எஃப்ஏஎல்லில் அதைச் சரிபார்ப்பதும் இதே ஒழுங்கில்தான்: ஒரு ரவை, திறந்து நிற்கும் இடம், அதற்கு மேல் இரண்டு கிளிக். சீனாவின் ஏகே வகைத் துவக்கான ரி-56 இல் இதெல்லாம் இல்லை. அதன் பாரமான கரியரும் நீண்ட பிஸ்டனும் தேவைக்கு மேலான காஸில் ஓடும்படியே செய்யப்பட்டவை. சேற்றிலும் ஓடும் என்று பெயர் எடுத்ததற்கு அதுதான் காரணம், உதைப்பு அதற்கான விலை.

ஒன்பதாவது கிளிக்கில் .223 கோதுகள் மூன்றரை மணித் திசையில் ஒரே இடத்தில் குவியலாக விழுந்தன. 5.56 கோதுகள் மூன்று மணிக்குச் சற்று முன்னால், விளிம்பு சுத்தம். மெதுவீடியோவில் போல்ட் முழுத் தூரம் போய், பஃபர் பின்சுவரை மெல்லத் தொட்டுத் திரும்புவது தெரிந்தது.

பிறகு துடைக்காமல், எண்ணெய் மட்டும் இட்டு, பல வாரங்கள் சுட்டார். சனவரியில் உறைபனி விழுந்த ஒரு காலையில், இரவு முழுவதும் வாகனத்தில் குளிர்ந்து கிடந்த துவக்கை எடுத்து மெலிந்த ரவையோடு ஒரு ரவைச் சோதனையை மறுபடி செய்தார். நின்றது. திருகாணி இருக்கும் இடத்தை வெள்ளைப் பெயின்ரால் ஒரு புள்ளி வைத்துக் குறித்திருக்கிறார். சுத்தம் செய்யும்போதெல்லாம் அதை முழுக்க மூடி, முழுக்கத் திறந்து, அதே புள்ளிக்குக் கொண்டுவருகிறார். அப்படிச் செய்யாவிட்டால் கரி இறுகித் திருகாணி அசையாமல் போய்விடும். இப்போது சத்தம் குறைப்பான் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். அது வந்து பூட்டினால் குழலில் பின்னமுக்கம் கூடும். அப்போது திருகாணியைத் திரும்பவும் முழுக்க மூடி, முதல் கிளிக்கில் இருந்து தொடங்கவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.